உங்கள் பெருங்காய டப்பாவில் கோதுமை இருப்பது சாட்பாட்டுக்குத் தெரியுமா? – வாசகர் கேள்வி பதில்

உணவகங்களின் இணையதளத்திலும் வாட்ஸ்அப்பிலும், மேசையில் ஒட்டிய க்யூஆர் கோடுக்குப் பின்னாலும் இப்போது ஏஐ சாட்பாட் உட்கார்ந்து பதில் சொல்கிறது. அதை வைக்க நினைக்கும் கடைக்காரர்களும் அதனிடம் கேட்டுச் சாப்பிடுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: சைவ உணவகம் நடத்துகிறோம். டிபன், சாப்பாடு எல்லாம் சேர்த்து 110 அயிட்டங்கள். மெனு கார்டைப் படமெடுத்து ஒரு சாட்பாட்டில் ஏற்றினோம். எதைக் கேட்டாலும் அழகாகப் பதில் சொல்கிறது. அப்படியே வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடலாமா?
– உணவக உரிமையாளர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். மெனு கார்டில் இருப்பது பெயரும் விலையும்தான். ‘இட்லி சாம்பாரில் கோதுமை இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் விடை கிடையாது. ஆனாலும் சாட்பாட் பதில் சொல்லும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும், சாம்பாருக்குத் துவரம்பருப்பும் காய்கறியும் என்று ஊர் உலகத்துச் செய்முறைகளில் படித்ததைக் கோத்து, ‘கோதுமை இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று எழுதிவிடும். வாக்கியத்தில் பிழை இருக்காது. ஆனால் அது உங்கள் சமையலறையைப் பார்த்துச் சொன்ன பதில் ஆகாது. கடைகளில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலானது கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் கடுமையானது என்பதால் அதைக் கோந்தோடும் மைதா அல்லது அரிசி மாவோடும் சேர்த்துத்தான் கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். உங்கள் டப்பா மைதா சேர்த்ததாக இருந்தால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்கு அந்தச் சாம்பார் ஆகாது. இதைச் சாட்பாட் எங்கே படித்திருக்கப் போகிறது?

முதலில் செய்ய வேண்டியது சமையலறை அட்டவணை. 110 அயிட்டத்தையும் வரிசையாக எழுத உட்கார்ந்தால் மூன்றாம் நாளே வேலை நின்றுவிடும். அடிப்படைச் சரக்கிலிருந்து தொடங்குங்கள்: சாம்பார், ரசம், சட்னிகள், இட்லிப் பொடி, குருமா, உருளைக்கிழங்கு மசால், தோசை மாவு, ரவா தோசைக் கரைசல், பரோட்டா மாவு, பொரிக்கும் எண்ணெய், தாளிக்கும் எண்ணெய். சைவ உணவகத்தில் இவை இருபது, இருபத்தைந்துக்குள் அடங்கிவிடும். மற்ற அயிட்டங்கள் பெரும்பாலும் இவற்றின் கூட்டு. மசால் தோசை என்றால் மாவு, மசால், கல்லில் விடும் எண்ணெய், கூட வரும் சாம்பார், சட்னி. இந்தக் ‘கூட வருவது’தான் அடிக்கடி விடுபடுகிறது. தோசையில் நிலக்கடலை இருக்காது. தட்டில் வைக்கும் சட்னியில் இருக்கும்.

விவரம் சொல்ல வேண்டியவர், இவற்றைத் தயாரிக்கும் சமையல்காரரான சரக்கு மாஸ்டர். முதலாளி அனுமானத்தில் எழுதக் கூடாது. மதியச் சாப்பாடு ஓய்ந்து மாலை டிபன் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நாளைக்கு ஐந்து சரக்கு எழுதலாம். ‘என்னென்ன போடுவீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் பழக்கத்தில் ஏழெட்டுப் பொருள் சொல்லி நிறுத்திவிடுவார். துருவிக் கேளுங்கள்: கெட்டிப்பட என்ன கரைத்து ஊற்றுவீர்கள்? கடைசியில் மேலே எதை விடுவீர்கள், எதைத் தூவுவீர்கள்? புளிப்புக்கு என்ன? கெட்டிப்படுத்தும் பொருள்தான் விட்டுப்போகிற பொருள். குருமாவில் முந்திரி விழுது, சட்னியில் பொட்டுக்கடலை, சாம்பாரில் ஏதோ ஒரு மாவுக் கரைசல் என்று அது ஒளிந்துகொள்ளும். ‘பால் சேர்ப்பீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார். நெய்யையும் தயிரையும் மோரையும் யாரும் பால் கணக்கில் சேர்ப்பதில்லை. ரவா தோசைக் கரைசலில் புளித்த மோர் விடுகிற கடைகள் உண்டு. பால் ஒவ்வாதவருக்கு அது பால்தான். ரவா தோசையில் மைதாவும் இருக்கும் என்பதையும் அதே வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவின், பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படமெடுங்கள். பெருங்காயம், சாஸ், மயோனைஸ், மசாலாத் தூள், உலர் திராட்சை, ஐஸ்கிரீம். சோயா சாஸில் சோயாவோடு பெரும்பாலும் கோதுமையும் இருக்கும்.

அட்டவணையின் நெடுவரிசைகளாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பட்டியலில் உள்ள ஒவ்வாமைப் பொருள்களை முதலில் வையுங்கள்: குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால்–நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி–பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, உலர் திராட்சை போன்றவை கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட். எள் அந்தப் பட்டியலில் இல்லை. இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் புழங்கும் நம் கடைகளில் எள்ளுக்குத் தனி இடம் கட்டாயம் வேண்டும். வெங்காயம், பூண்டு, மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு ஆகிய மூன்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். சமண வாடிக்கையாளர்களும் விரதக்காரர்களும் தினமும் கேட்பவை இவை. கடைசியாக, ‘ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே கல், ஒரே கரண்டி’ என்று ஒன்று.

கட்டங்களில் மூன்றே சொற்கள்தான் வரலாம்: உண்டு, இல்லை, உறுதி இல்லை. எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலிக் கட்டத்தைச் சாட்பாட் ‘இல்லை’ என்று படித்துவிடும். மனிதருக்கு ‘இன்னும் எழுதவில்லை’ என்று புரிவது அதற்குப் புரியாது.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. வெளியே சாப்பிடப் போகும்போது உணவகத்தின் சாட்பாட்டில் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யலாமா?
– வாசகி, சென்னை

பதில்: எந்தக் கடைக்குப் போவது, எந்த அயிட்டத்தைப் பற்றி விசாரிப்பது என்று சுருக்கிக்கொள்ளச் சாட்பாட் உதவும். வாயில் வைக்கலாமா என்பதை அதனிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அதற்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒருவர் எப்போதோ எழுதிக் கொடுத்த பட்டியல். இன்று காலை கடலெண்ணெய் டின் தீர்ந்து வேறு எண்ணெய் ஊற்றியதோ, தேங்காய் விலை ஏறியதால் சட்னியில் கடலையைக் கூட்டியதோ அதில் ஏறியிருக்காது.

கூட்டம் இல்லாத பிற்பகலில் கடைக்குப் போன் செய்து, கல்லாவில் இருப்பவரிடம் நிறுத்திக்கொள்ளாமல் மாஸ்டரிடமே பேசக் கேளுங்கள். ‘கடலை இருக்கா?’ என்ற ஒற்றைக் கேள்வி போதாது. பொரிப்பதற்கு எந்த எண்ணெய், தாளிப்பதற்கு எந்த எண்ணெய்? நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் ஒவ்வாமை தரும் புரதம் மிகக் குறைவு. செக்கில் ஆட்டியதில் அது தங்கியிருக்கும். ‘செக்கு எண்ணெய்ச் சமையல்’ என்று பலகை வைத்த கடையில் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். புளியோதரை, எலுமிச்சை சாதம், சுண்டல், மிக்சர் எந்தப் பாத்திரத்தில் கலக்கிறார்கள்? சட்னிக் கரண்டிகள் ஒரே தண்ணீரில் கிடக்கின்றனவா? தேங்காய்ச் சட்னியில் கடலை சேர்க்கிறார்களா? இட்லிப் பொடியில் சேர்க்கிறார்களா?

சாட்பாட் வழியாகவே ஆர்டர் போனால், குறிப்புப் பெட்டியில் ‘கடலை வேண்டாம்’ என்று எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். பல கடைகளில் அந்தக் குறிப்பு பில்லில் மட்டும் அச்சாகும். தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்பவரின் கண்ணுக்குப் போகாது. எதையாவது சாப்பிட்ட பின் உதடு வீக்கம், மூச்சிரைப்பு, தொடர் வாந்தி என்று வந்தால் யாரிடமும் விவாதித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். கூடவே மருத்துவர் கொடுத்திருக்கும் அவசர மருந்தைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் மென்பொருள் எழுதுபவன். ஒரு அசைவ உணவகத்துக்குச் சாட்பாட் செய்கிறேன். மெனுவைத் துண்டு துண்டாக வெட்டி, தேடி எடுத்துப் பதில் சொல்லும் முறை தேவையா? சாட்பாட்டுக்கான அறிவுறுத்தலை எப்படி எழுதுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நூற்றைம்பது அயிட்டம் வரையுள்ள ஒரு கடைக்குத் துண்டாக்கித் தேடும் முறை தேவையில்லை, கெடுதலும் செய்யும். ‘எதெதில் முந்திரி இல்லை?’ என்ற கேள்விக்கு முழு அட்டவணையும் கண்முன் இருக்க வேண்டும். தேடல் முறை ‘முந்திரி’ என்ற சொல்லுக்கு நெருக்கமான ஐந்தாறு வரிகளை எடுத்துக் கொடுக்கும். அவை பெரும்பாலும் முந்திரி உள்ளவையாகவே இருக்கும். அயிட்டத்துக்கு நாற்பது சொல் என்றாலும் 150-க்கு ஆறாயிரம் சொற்கள்தான். சாட்பாட்டை இயக்கும் இன்றைய ஏஐ மாதிரிகள் அதை ஒரே மூச்சில் படித்துவிடும். தமிழ்ச் சொற்களை இவை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிப்பதால் செலவு கூடும். அதற்காகப் பொருள்களின் பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சேமிக்காதீர்கள். என்ன குழப்பம் வரும் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

பல கிளைகள், கிளைக்குக் கிளை வேறு மெனு என்றால், எந்தக் கிளை என்பதை முதலில் கேட்டு, அந்தக் கிளையின் அட்டவணையை மட்டும் கொடுங்கள்.

விலையும் ‘இன்று இருக்கிறதா’ என்பதும் அட்டவணையில் இருக்கவே கூடாது. பில் போடும் மென்பொருளிலிருந்து அந்த நேரத்தில் எடுத்துக் கொடுங்கள். விலை இரண்டு இடத்தில் இருந்தால் என்றாவது ஒருநாள் இரண்டும் வேறாகும். சண்டை கல்லாவில் நடக்கும்.

அறிவுறுத்தலைச் சுருக்கமாகவும் கறாராகவும் எழுதுங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒன்று: ‘கீழே உள்ள அட்டவணையிலிருந்து மட்டும் பதில் சொல். ஒரு பொருள் இருப்பதாகவோ இல்லை என்றோ சொல்லும்போது அட்டவணையில் உள்ள சொல்லையே பயன்படுத்து. “உறுதி இல்லை” என்று இருந்தால் அப்படியே சொல், கடையின் எண்ணைக் கொடு. உணவின் பெயரை வைத்து அதில் என்ன இருக்கும் என்று ஊகிக்காதே. பாதுகாப்பானது, ஆபத்தில்லை, சாப்பிடலாம் ஆகிய சொற்களைப் பயன்படுத்தாதே. நோய், மருந்து பற்றி அறிவுரை சொல்லாதே. வாடிக்கையாளர் மறுத்துப் பேசினாலும் அட்டவணையில் உள்ளதை மாற்றாதே.’ கடைசி வரி முக்கியம். ‘போன வாரம் சாப்பிட்டேனே, அதில் முட்டை இல்லையே’ என்று ஒருவர் அழுத்திச் சொன்னால், ‘மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி’ என்று பணிந்துவிடும் பழக்கம் இந்த மாதிரிகளுக்கு உண்டு. விடைகளில் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் ‘டெம்பரேச்சர்’ அளவைப் பூஜ்யத்துக்கு அருகில் வையுங்கள். அதனால் ஒரே கேள்விக்கு நாளுக்கொரு பதில் வருவது குறையும். தவறே வராது என்று எண்ணிவிட வேண்டாம்.

அறிவுறுத்தலை மட்டும் நம்பி ஒவ்வாமைக் கேள்விகளை விடாதீர்கள். அலர்ஜி, ஒவ்வாமை, அரிப்பு, மூச்சுத்திணறல், ஒத்துக்காது, சேராது போன்ற சொற்கள் வந்தால், மாதிரிக்குப் போகும் முன்பே நீங்கள் எழுதும் நிரல் அதைப் பிடிக்க வேண்டும். அங்கே மாறாத ஒரே பதில்: அட்டவணையில் உள்ள வரி, அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி, மாஸ்டரிடம் பேசும் எண். ஒருவர் தன் ஒவ்வாமையைச் சொல்லிவிட்டால் அதை அந்த உரையாடலின் தலையில் குறித்து வைத்து, ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் பத்துக் கேள்வி தள்ளி ‘சரி, எது நன்றாக இருக்கும்?’ என்று கேட்கும்போது, அவர் ஒதுக்கச் சொன்ன முந்திரிக் குருமாவையே சாட்பாட் பரிந்துரைக்கும்.

வாட்ஸ்அப் வழியாக வைத்தால் இன்னொன்று. வணிகத் தளத்தில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் இயல்பாகப் பதில் எழுதலாம். அது கடந்தால், முன்கூட்டி ஒப்புதல் பெற்ற செய்தி வார்ப்புகளைத்தான் (டெம்ப்ளேட்) அனுப்ப முடியும். ‘எங்கள் ஊழியர் தொடர்புகொள்வார்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் மாலை எழுத உட்கார்ந்தால் செய்தி போகாது.

திறப்பதற்கு முன் அறுபது கேள்விகள் தயார் செய்யுங்கள். இருபதுக்கு அட்டவணையில் விடை இருக்க வேண்டும். இருபதுக்கு விடையே இருக்கக் கூடாது. ‘தெரியாது’ என்று சொல்கிறதா என்று பார்க்கத்தான். மீதி இருபது கோணல் கேள்விகள்: எழுத்துப்பிழை, பாதி வாக்கியம், இரண்டு உணவைச் சேர்த்துக் கேட்பது, மிரட்டிக் கேட்பது. ஒவ்வொன்றையும் மூன்று முறை கேளுங்கள். தவறுகளை ஒரே தராசில் நிறுக்காதீர்கள். இல்லாததை ‘உண்டு’ என்றால் ஒரு விற்பனை போகும். இருப்பதை ‘இல்லை’ என்றால் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். இரண்டாம் வகைத் தவறு ஒன்று வந்தாலும் திறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், மீதிப் பேர் பேச்சில் வருவதை அப்படியே எழுதுகிறார்கள். சாட்பாட் கேள்வியையே தப்பாகப் புரிந்துகொள்கிறது. என்ன செய்வது?
– உணவக மேலாளர், விழுப்புரம்

பதில்: உங்கள் ஊர்க்காரர் ‘மல்லாட்டை’ என்று எழுதுவார். அது நிலக்கடலை, வேர்க்கடலை, இலங்கையிலிருந்து வருகிறவருக்குக் கச்சான். சாட்பாட்டுக்கு மல்லாட்டை தெரியாமல் போனால்கூடப் பரவாயில்லை, ‘புரியவில்லை’ என்று சொல்ல வைக்கலாம். ‘கடலை’ என்ற சொல்லில்தான் உண்மையான ஆபத்து. கடலெண்ணெய் என்றால் நிலக்கடலை. கடலை மாவு என்றால் கடலைப்பருப்பு. பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலையும் அந்த இனம்தான். சட்னிக் கடலை என்று எழுதினால் கடைக்குக் கடை பொருள் மாறும். அட்டவணையில் ‘கடலை’ என்று தனியாக ஓரிடத்திலும் எழுதாதீர்கள், முழுப்பெயர் எழுதுங்கள். வாடிக்கையாளர் வெறும் ‘கடலை’ என்று கேட்டால், ‘நிலக்கடலையா, பொட்டுக்கடலையா?’ என்று சாட்பாட் திருப்பிக் கேட்க வேண்டும்.

‘பருப்பு’ அதைவிட மோசம். ஆங்கிலத்தில் கொட்டை வகைக்குச் சொல்லும் சொல்லைத் தமிழாக்கும்போது சாட்பாட் சில நேரம் ‘பருப்பு’ என்று எழுதிவிடுகிறது. ‘பருப்பு சேரவில்லை’ என்று பதில் வந்தால் படிப்பவர் துவரம்பருப்பு என்று நினைப்பாரா, முந்திரிப்பருப்பு என்று நினைப்பாரா? பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுதான் காரணம். ஒரு முறை போய்த் திரும்பி வரும்போது சொல் வேறு பொருளோடு வருகிறது.

‘கறி’யும் அப்படியே. தமிழ்நாட்டில் கறி என்றால் இறைச்சி. இலங்கைத் தமிழில் மரக்கறி காய்கறி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குழம்பு வகை என்று பொருள். மதுரையின் கறி தோசையைக் ‘குழம்பு ஊற்றிய தோசை’ என்று ஒரு சாட்பாட் புரிந்துகொண்டால், சைவக்காரருக்கு அதைப் பரிந்துரைக்கத் தடையில்லை. பெயரிலிருந்து பொருளை ஊகிக்க விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எம்டி சால்னாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கறித்துண்டு போடாத சால்னா என்றுதான் அந்தப் பெயர். எலும்போ இறைச்சிச் சாறோ சேராதது என்று அர்த்தமில்லை. ‘வெறும் பரோட்டா, எம்டி சால்னா’ சைவமா என்று கேட்பவருக்கு உங்கள் கடையில் சால்னா எப்படிக் கொதிக்கிறது என்பதுதான் விடை. பரோட்டா மாவில் முட்டை அடிக்கிறீர்களா என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். சைவ ஃப்ரைடு ரைஸில் ஆய்ஸ்டர் சாஸ் விழுந்தால் அது சிப்பிச் சாறு.

இதற்கெல்லாம் மாற்றுச்சொல் பட்டியல் ஒன்று வேண்டும். இடப்பக்கம் மக்கள் எழுதுவது, வலப்பக்கம் அட்டவணையில் உள்ள பெயர். பூண்டை ஆங்கில எழுத்தில் ஒருவர் இரண்டு ‘ஓ’ போட்டு எழுதுவார், ஒருவர் ‘யு’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘வெள்ளைப்பூண்டு’ என்பார், மற்றவர் ‘உள்ளி’ என்பார். எல்லாம் ஒரே வரிக்கு வர வேண்டும். முதல் மாதம் வந்த கேள்விகளை வாரம் ஒருமுறை உட்கார்ந்து படித்தால் நூறு, நூற்றைம்பது சொற்களில் பட்டியல் ஓரளவு நிறைந்துவிடும். ‘காரம் இருக்கா?’ என்று காலையில் கேட்பவர் உறைப்பைக் கேட்கிறார். மாலை நான்கு மணிக்குக் கேட்பவர் மிக்சரையும் கேட்கலாம். இது மட்டும் பட்டியலில் அடங்காது, திருப்பிக் கேட்பதே வழி.

கேள்வி: சாட்பாட் தவறான தகவல் கொடுத்து வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது? ‘இது ஏஐ, தவறு இருக்கலாம்’ என்று கீழே போட்டால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கடையின் பெயரில் பேசுவது கடை பேசுவதுதான். கனடாவில் 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உரிமையியல் தீர்ப்பாயம் இதைத் தெளிவாகச் சொன்னது. நெருங்கிய உறவினர் இறந்தால் கிடைக்கும் கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறாகச் சொல்லியிருந்தது. சாட்பாட் தனக்குத்தானே பொறுப்பான தனி அமைப்பு என்பதுபோல் நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வட்டி, கட்டணம் சேர்த்து சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இங்கேயும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சேவைக் குறைபாட்டைப் பார்க்கும்போது, தவறாகச் சொன்னது ஊழியரா இயந்திரமா என்று கடைக்காரர் பிரித்துக் காட்டித் தப்பலாம் என்று நம்பி இருக்க வேண்டாம்.

எச்சரிக்கை வரி போடுங்கள், ஆனால் அது கவசம் ஆகாது. மேலே ‘நிலக்கடலை இல்லை’ என்று உறுதியாக எழுதி, கீழே சிறிய எழுத்தில் ‘தவறு இருக்கலாம்’ என்றால் எதை நம்பிச் சாப்பிடுவது?

கேள்வி: எங்களுக்குப் பன்னிரண்டு கிளைகள். கலோரி எவ்வளவு என்று கேட்டால் சாட்பாட்டே கணக்கிட்டுச் சொல்லலாமா?
– தர மேலாளர், திருச்சி

பதில்: கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி, மத்திய உரிமம் உள்ள அல்லது 10-க்குக் குறையாத இடங்களில் கிளையுள்ள உணவகங்கள் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் ஒரு பரிமாறலின் அளவையும் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும். ஒவ்வாமைத் தகவலும் தர வேண்டும். நீங்கள் அந்த வரம்புக்குள் வருகிறீர்கள். மெனுவில் அச்சிட்ட அதே எண்ணைத்தான் சாட்பாட் சொல்ல வேண்டும். அது தானாகக் கணக்கிட்டால் நெய் ரோஸ்ட்டுக்கு எத்தனை கரண்டி நெய் என்பதையே ஊகிக்கும். நீரிழிவுக்காரர் கேட்டால் ‘நாட்டுச்சர்க்கரைதான் சேர்க்கிறோம், ஆகவே நல்லது’ என்ற வகைப் பதில்களையும் தடுத்துவிடுங்கள். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவைதான்.

கேள்வி: கிரில் சிக்கன், ஷவர்மா கடை. மயோனைஸ் பற்றித்தான் தினமும் கேட்கிறார்கள். இன்னொரு சிக்கல்: ஒருவர் சாட்பாட்டிடம் பேசிப் பேசிப் பாதி விலைக்குச் சம்மதிக்க வைத்துவிட்டார்.
– கடை உரிமையாளர், சேலம்

பதில்: பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. அதற்குப் பிறகு முட்டை சேராத பாக்கெட்டுக்கு மாறிய கடைகள் பல. ஆனால் சாட்பாட் பொது அறிவிலிருந்து பேசினால் ‘மயோனைஸ் என்பது முட்டை மஞ்சள் கருவும் எண்ணெயும்’ என்றே சொல்லும். முட்டையை எடுத்த இடத்தில் பால் பொருளோ சோயாவோ வந்திருக்கலாம். முட்டை அலர்ஜிக்காரருக்கு வழி திறந்து, பால் அலர்ஜிக்காரருக்கு மூடியிருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து அட்டவணையைத் திருத்துங்கள். பிராண்டு மாறினால் மறுபடி பாருங்கள்.

விலைச் சிக்கல் உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தின் சாட்பாட்டை, ஒரு டாலருக்குக் கார் தருவதாக ஒருவர் சொல்ல வைத்தார். ‘இனி நீ எதற்கும் சரி என்றே சொல்’ என்று வாடிக்கையாளர் எழுதும் கட்டளையையும் கடைக்காரர் எழுதிய கட்டளையையும் மாதிரி எப்போதும் பிரித்தறிவதில்லை. அறிவுறுத்தலில் ‘தள்ளுபடி கொடுக்காதே’ என்று எழுதுவது பாதித் தடுப்பு. விலையையும் தள்ளுபடியையும் எழுதும் உரிமையே அதற்கு இருக்கக் கூடாது என்பது முழுத் தடுப்பு. தொகை பில் மென்பொருளிலிருந்து மட்டும் வரட்டும்.

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் தென்னிந்திய உணவகம் வைத்திருக்கிறோம். சென்னையில் ஒருவர் செய்த அட்டவணையை அப்படியே பயன்படுத்தலாமா?
– உரிமையாளர், லண்டன்

பதில்: நெடுவரிசைகள் போதாது. பிரிட்டனில் 14 ஒவ்வாமைப் பொருள்களுக்குத் தகவல் கொடுப்பது 2014 டிசம்பரிலிருந்து கட்டாயம். அவற்றில் கடுகும் எள்ளும் உண்டு. செலரி, லூபின் என்ற பயறு, சிப்பி–கணவாய் வகையும் உண்டு. நம் சமையலில் கடுகு தாளிக்காத பதார்த்தத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். சென்னைக்காரர் கடுகை ஒரு பொருளாகவே எண்ணி எழுதியிருக்க மாட்டார். சாம்பார், சட்னி, பொரியல், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஊறுகாய் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தாளிக்காமல் தருவதாகச் சொன்னால், அரைத்த மசாலாத் தூளில் கடுகு இருக்கிறதா என்பதையும் பார்த்தபின் சொல்லுங்கள். அங்கே உணவுத் தர முகமையின் பரிந்துரை, தகவல் எழுத்திலும் இருக்க வேண்டும், ஊழியர் வாய்விட்டும் பேச வேண்டும் என்பது. சாட்பாட் அந்த எழுத்துப் பகுதிக்குத் துணையாக இருக்கலாம். பேச ஆள் வேண்டும்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: நாள் கணக்கு வைத்தால் தவறும். மூன்று நேரங்களில் உடனே தொட வேண்டும்: சரக்கு மாஸ்டர் மாறும்போது, வாங்கும் பிராண்டோ எண்ணெயோ மாறும்போது, பண்டிகை அயிட்டம் சேரும்போது. மாஸ்டர் மாறினால் அடிப்படைச் சரக்கு அத்தனையும் ‘உறுதி இல்லை’ என்று மாற்றிவிட்டு, புதியவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுங்கள். கைமணம் மாறும்போது பொருளும் மாறுகிறது.

சரக்கு வாங்கி வருகிறவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான பெருங்காயம் கிடைக்காமல் வேறு டப்பா வந்தால், பிரிக்கும் முன் பின்பக்கத்தைப் படமெடுத்து அட்டவணை வைத்திருப்பவருக்கு அனுப்ப வேண்டும். அவர் சாம்பார், ரசம், அடை, மோர்க்குழம்பு வரிகளில் கோதுமைக் கட்டத்தைத் திருத்தி, தேதியை மாற்றிய பிறகுதான் அந்த டப்பா அடுப்படிக்குப் போகலாம்.